முதியோருக்கும் ஒரு சத்திரம் வேண்டும்

தஞ்சாவூர்ச் சீமை சோற்றுக்குப் பெயர் போனது. பசி என்று வந்தவருக்கு இலை போடும் ஊர் இது. ஆனால் இன்று இந்தச் சீமையில் வேறொரு பசி இருக்கிறது. அது வயதானவர்களின் பசி. சோற்றுப் பசி அல்ல, துணைப் பசி!

பிள்ளைகள் படித்தார்கள். பட்டணம் போனார்கள். சிலர் சிங்கப்பூர் போனார்கள். சிலர் துபாய் போனார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நிலத்தை அடகு வைத்தும், நகையை விற்றும் படிக்க வைத்தவர்கள் பெற்றவர்கள்தானே! பெரிய வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் போனபின், ஒருவரே மிஞ்சினார்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அகில இந்தியக் கணக்கை விட இது அதிகம். தனியாக மிஞ்சிய அந்த ஒருவர் எங்கே போவார்? முதியோர் இல்லத்துக்குப் போகிறார்.

இல்லம் என்றால் இழிவா?

முதியோர் இல்லம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பெற்றவர்களைத் தள்ளிவிட்டான்" என்று பேசுகிறார்கள். அப்படித் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கேள்வி கேட்க 2007-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பெற்றோரைக் காப்பாற்றாத பிள்ளை, மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டப்படி உத்தரவு போடலாம்.

ஆனால், நல்லபடி நடக்கும் இல்லம் சிறைச்சாலை அல்ல. அது ஒரு தெரு மாதிரி. காலையில் நாலு பாட்டிமார்கள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், ஊர்க்கதையும் உரிபடும். கண் தெரிந்தவர், கண் மங்கியவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவார். "மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி?" என்று ஒரு தாத்தா கேட்பார். ஜூன் 12-ந் தேதி அணை திறக்குமா, குறுவை உண்டா என்று வாதம் நடக்கும். கேட்பவருக்கு இன்று ஒரு குழி நிலமும் இருக்காது. ஆனாலும் மனம் வயல் வரப்பிலேயே நிற்கும்.

இதெல்லாம் நடமாட்டம் உள்ளவரைதான். படுத்துவிட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. "இனி வைத்தியம் இல்லை. அழைத்துப் போங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்கள். "படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று இல்லத்தில் கையை விரிக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. புற்றுநோயும் பக்கவாதமும் வந்தவர் நடுவழியில் நிற்கிறார்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இதைப் பார்க்கிறார். சாவைக்கூட அவர் அவ்வளவு அஞ்சுவதில்லை. வலியோடு, தனியாகச் சாவதை அஞ்சுகிறார்.

சரபோஜி சொன்னது

இந்தக் கவலைக்கு நம் மண்ணிலேயே ஒரு பதில் உண்டு.

1799-இல் தஞ்சை அரசின் நிர்வாகம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அப்போதும் மன்னர் சரபோஜி சத்திரங்களை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. 1801-இல், சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை விவரித்து ஆங்கில ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார்.

இராமேசுவரம் போகும் வழியில் இருந்த சத்திரங்கள் அவை. வழிப்போக்கருக்கு அங்கே சோறு கிடைத்தது. சோறு மட்டும் அல்ல. வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்தார்கள். குணமாகும் வரை மரியாதையோடும் அன்போடும் பார்த்துக்கொண்டார்கள். அதற்கென்று வைத்தியர்கள் இருந்தார்கள். யாரேனும் அங்கே இறந்துபோனால், அவரவர் வழக்கப்படி ஈமக் கடன் செய்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வந்தவர் யாரோ, எந்த ஊரோ! ஆனாலும் அவர் நடுத்தெருவில் சாகவில்லை.

சத்திரமே ஹாஸ்பிஸ்

மேல்நாட்டில் 'ஹாஸ்பிஸ்' என்று ஓர் இல்லம் உண்டு. தீராத நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் என்ன தெரியுமா? யாத்திரிகர் தங்கும் வீடு. அதாவது, சத்திரம்!

லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இந்த வேலைக்குப் புது வழி காட்டினார். அவர் முதலில் நர்ஸ், பிறகு டாக்டர். வலி வந்தபின் மருந்து கொடுப்பது தவறு; வலி வருமுன் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். உடம்பில் மட்டும் அல்ல, மனத்திலும் வலி இருக்கிறது என்றார்.

அவர் கொடுத்த மருந்து மார்பின். அபினிலிருந்து எடுப்பது. அபின் சட்டப்படி விளையும் நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனால் கட்டுப்பாடுகள் மிகுந்ததால், வலியில் துடிக்கும் நம் நோயாளிக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. டாக்டர் அளந்து கொடுத்தால் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உலகத்தில் இந்த வைத்தியம் தேவைப்படும் நூறு பேரில் 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பக்கத்து மாநிலத்தில் நடந்தது

கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளியைத் தேடி வீட்டுக்கே போனார்கள். டாக்டரும் நர்சும் மட்டும் போகவில்லை. அக்கம்பக்கத்து ஜனங்களும் பயிற்சி பெற்று உடன் போனார்கள். படுக்கைப் புண்ணைக் கழுவினார்கள். உட்கார்ந்து பேசினார்கள். 2008-இல் கேரள அரசாங்கம் இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

தமிழ்நாட்டிலும் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதும் அதில் ஒரு பங்கு. இது நல்ல தொடக்கம். ஆனால் அரசாங்கத்து நர்ஸ் வந்து போனபின், மற்ற நேரத்தில் யார் துணை?

என்ன செய்ய வேண்டும்?

டெல்டாவில் ஊர்தோறும் கோயில் இருக்கிறது. பள்ளிவாசலும் மாதா கோயிலும் இருக்கின்றன. கலியாண மண்டபம் இருக்கிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடத் தெரிந்தவர்கள் நாம். ஒவ்வொரு பெரிய ஊரிலும் பத்துக் கட்டில் கொண்ட ஒரு வீடு வைக்க நம்மால் முடியாதா? அங்கே ஒரு நர்ஸ், வாரம் ஒரு முறை வரும் ஒரு டாக்டர், வலிக்கு மருந்து. இவ்வளவு போதும், தொடங்குவதற்கு.

முதியோர் இல்லம் நடத்துகிறவர்களும் ஓர் உறுதி எடுக்க வேண்டும். "நடக்கும்வரை வைத்துக்கொள்வோம்" என்று சொல்லக் கூடாது. "கடைசிவரை வைத்துக்கொள்வோம்" என்று சொல்ல வேண்டும். அதற்கு உதவி தேவைப்பட்டால், அரசாங்கமும் ஊராரும் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கும் வேலை உண்டு. பிறந்த நாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறீர்கள். நல்லது. சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பழைய கதையை இன்னொரு முறை கேளுங்கள்.

தெருவில் ஒரு முதியவர் ஆதரவின்றிக் கிடந்தால், 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கென்றே உள்ள எண் அது. காசு கிடையாது.

முகம் தெரியாத வழிப்போக்கரின் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்ட சீமை இது. நமக்குச் சோறு போட்டு வளர்த்தவர்கள் வழிப்போக்கரை விடக் குறைந்தவர்களா?