திரைக்குப் பின்னால் ஒரு குரல்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் சபைக்கு நேராக வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுவான். கட்டியக்காரன் வெளியிலிருந்து கேள்வி கேட்பான். திரைக்கு மேல் கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய காலும் தெரியும். முகம் தெரியாது. "நம்ம வாத்தியார் குரல்தான்" என்று பாயில் இருக்கும் கிழவர் அதற்குள் சொல்லிவிடுவார். திரை விலகியதும் எல்லோருடைய கண்ணும் வாய்க்குப் போகும். அரிதாரம் அப்பிய முகத்தில் ஆளைக் காட்ட மிச்சமிருப்பது அந்த அசைவுதான்.

2003-இல் கமாச்சியும் சக ஆய்வாளர்களும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். ஒலியில்லாமல் பேசும் முகத்தைக் காட்டி, பிறகு இரண்டு குரல்களைக் கேட்கவைத்து, அவருடையது எது என்றார்கள். பேசிய வாக்கியமே வேறாக இருந்தபோதும் விடை குருட்டாம்போக்காக இல்லை. படத்தைப் பின்னோக்கி ஓட்டியதும் பிடி நழுவிவிட்டது. அசையாத படமும் உதவவில்லை. காலுக்கு நடை இருப்பதுபோல வாய்க்கும் ஒரு நடை இருக்கிறது. குரலிலும் அதுவே ஒலிக்கிறது. 'இதைத்தானே எங்கள் கிழவர் எப்போதோ சொன்னார்' என்று மார்தட்டுவது நியாயமில்லை. அவருக்கு வாத்தியாரைப் பல வருஷமாகத் தெரியும். சோதனைக்கு வந்தவர்களுக்கோ அத்தனை முகமும் புதுசு.

கூத்தில் குரலும் வாயும் ஓருடம்பில் இருந்தன. சினிமா அதைப் பிரித்தது. 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது நடித்தவர்களே பாடினார்கள். 1938-இல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்தது. 1944-இல் கன்னட 'ஹரிச்சந்திரா' தமிழ்க் குரலோடு வந்து டப்பிங்கைத் தொடங்கிவைத்தது. அதற்குப் பிறகு நாம் எதையும் ஏற்றுக்கொண்டோம் என்று நினைத்தால் தப்பு. டி.எம்.சௌந்தரராஜன் ஒருவரே சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். கொட்டகையில் அது யார் பாட்டு என்று தீர்மானித்தது, பாட்டின் மூச்சுக்கு ஏற்ப அசைந்த உதடு. அது அரை நொடி பிந்தியிருந்தால் தரை டிக்கெட்டில் விசில் பறந்திருக்கும்.

டப்பிங்குக்கு வசனம் எழுதுபவரின் தலைவலி 'ப'வும் 'ம'வும். இரண்டுக்கும் உதடு ஒட்டியாக வேண்டும். திரையில் வாய் திறந்திருக்கும்போது 'அம்மா' என்றால் ஒட்டாது. எந்த எழுத்துக்கு இதழ் கூடும், எதற்குக் குவியும், 'வ'வுக்குப் பல் எங்கே படும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வரிசையாகவே சொல்லிவைத்திருக்கிறது. நாக்கை மடக்கிச் சொல்லும் 'ழ' வாய்க்குள்ளேயே முடிந்துவிடுவதால் வெளியே தெரியாது. நம் பெருமைக்குரிய எழுத்து டப்பிங்காரருக்குச் சலுகை.

இப்போது கணினி உதட்டையே குரலுக்கேற்ப மாற்றி வரைகிறது. கூத்துக்கும் மைக் வந்துவிட்டது. பாட்டு கேட்பதென்னவோ மரத்தில் கட்டிய குழாயிலிருந்து. ஆனாலும் நமக்கு அது ராஜாவின் வாயிலிருந்துதான் வருகிறது. பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திரும்பப் பிடிக்கும்போது, ஒரே மாதிரி கிரீடம் வைத்த இரண்டு ராஜாக்களில் பாடுவது யார் என்று பேரன் கேட்கிறான். பகலெல்லாம் 'எவன் வாயையும் பாக்காதே' என்று விரட்டுகிற கிழவர் இப்போது, "வாயைப் பாருடா" என்கிறார்.