எண்ணிக்கைக்குப் பெயர் எதற்கு?

கணவன் பெயரை வாயாற் சொல்லாத பெண்டிர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அவ்வழக்கத்தை 1948ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டமே மதித்தது. வழக்கம் தடுக்குமாயின் கணவன் பெயரைக் கூற எப்பெண்ணும் கடமைப்பட்டவள் அல்லள் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. 15ஆம் பிரிவோ, கணக்கேட்டைப் பிறர் பார்வையிடத் தடை விதிக்கின்றது. அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றவழக்கு ஒழிய, வேறெந்த வழக்கிலும் அதைச் சான்றாக்க இயலாது. பெயரைத் தருவோர்க்கு அரசு தந்த உறுதிமொழி இது.

அவ்வுறுதிமொழி என்னவாயிற்று? 2010இல் வீட்டுக் கணக்கெடுக்க வந்த அலுவலர் கையில் இன்னோர் ஏடும் இருந்தது. அதுவே நாட்டு மக்கள்தொகைப் பதிவேடு. பெயரும் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் அதில் ஏறின. அவ்வேட்டின் வேர் குடிக்கணக்குச் சட்டமன்று. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 2003ஆம் ஆண்டு நெறிமுறைகளுமாம். ஒருவரது குடியுரிமை ஐயத்திற்குரியது எனக் குறியிட அந்நெறிமுறைகள் இடந்தருகின்றன. 15ஆம் பிரிவின் காப்பு அங்கில்லை. வாயிலில் நின்ற முதியவர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தவர் யார்? ஒரு கையாற் பூட்டி மறுகையால் திறப்பதற்குக் காப்பு என்றா பெயர்?

சட்டம் இருக்க அச்சம் ஏன் என்பார் உளர். அமெரிக்காவிலும் சட்டம் இருந்தது! 1942இல் போரைக் காட்டி அதனைத் தளர்த்தினர். 1943இல் வாசிங்டன் நகரில் வாழ்ந்த சப்பானிய வழியினரின் பெயர்களைக் கணக்கெடுப்புத் துறையே கருவூலத் துறைக்குக் கொடுத்தது. ஆய்வறிஞர் இருவர் அவ்விரண்டகத்தை வெளிப்படுத்தியது 2007இல்தான்.

பெயரின்றேல் ஒருவரையே இருமுறை எண்ணவும், ஒருவரை விட்டுவிடவும் நேரும் என்பது மெய்யே. அச்சரிபார்ப்பு முடிந்தபின் பெயர்க்கு அங்கு என்ன வேலை? பள்ளி கட்டவும் குடிநீர் தரவும் எத்தனை பேர் என்பது போதும். இன்னார் என்பது வேண்டா.

2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025இல் அறிவிக்கை வந்தது. இந்தியக் கணக்கெடுப்பில் முதன்முறையாக மின்கருவியில் பதியும் திட்டம் அது. தாளில் எழுதிய பெயர் ஓர் அறைக்குள் கிடக்கும்; கருவியில் ஏறிய பெயரோ நொடியில் நாடு கடக்கும்.

கணக்கெடுப்பை வெறுத்தொதுக்க வேண்டா. எண்ணப்படாத மக்கள் ஏமாற்றப்படும் மக்கள். ஆயின், சரிபார்த்த பெயரை விடையினின்று பிரித்து நீக்குக. குடிக்கணக்கோடு வேறெந்த ஏட்டையும் பிணைக்காதே. இவ்விரண்டையும் சட்டமாக்குக என்று கேட்பது நம் உரிமை. எண்ணட்டும் அரசு, எண்ணத்தான் அதற்கு உரிமை!