வெள்ளைக் கோட்டு போதாது, பதிவு எண் வேண்டும்

பிளஸ் 2 முடிவு வந்த சில நாட்களிலேயே மின்கம்பங்களிலும் பேருந்து நிழற்குடைகளிலும் நோட்டீஸ்கள் முளைத்துவிடும். ஓராண்டில் நர்சிங், வேலைக்கு உத்தரவாதம், உடனே அணுகவும் என்று ஒரு கைபேசி எண் இருக்கும். கீழக்குயில்குடி போன்ற ஊர்களில் நம் தெருப் பிள்ளைகளின் எதிர்காலம் பல நேரம் அந்த நோட்டீஸிலிருந்துதான் தொடங்குகிறது. அப்பா கொத்து வேலை, அம்மா நூறு நாள் வேலை. தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். ஓராண்டு கழித்து மகள் வெள்ளைக் கோட்டோடு பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏறும்போது, தெருவே "நர்சம்மா" என்று கூப்பிடுகிறது. அந்தப் பெருமையில் தவறேதும் இல்லை. ஆனால் நாலைந்து ஆண்டு கழித்து, அரசு செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க உட்காரும்போது படிவம் ஒரு பதிவு எண்ணைக் கேட்கும். அந்த எண் அவளிடம் இருக்காது.

சட்டப்படி யார் செவிலியர் என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்லித் தந்ததில்லை. தமிழ்நாட்டில் 1926-இல் இருந்தே செவிலியர், பேறுகால உதவியாளர்களுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்து, அந்தக் கவுன்சிலில் பெயர் பதிந்தவரே செவிலியர். அதற்கு வழிகள் மூன்று: இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். செவிலிய உதவியாளர் பயிற்சி, அதை எவ்வளவு நல்ல நிறுவனம் நடத்தினாலும், இந்த மூன்றில் சேராது. அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்று தரும் சான்றிதழுக்கும் இதுதான் நிலை. வேலை கிடைக்கலாம், பதிவு கிடைக்காது.

இதைச் சொல்வதால் உதவியாளர் வேலையை நாம் இளக்காரம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே செவிலியத்தின் அடிப்படை. பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு மாணவியும் படுக்கை விரிப்பதில்தான் தொடங்குகிறாள். அவளுக்கு அது முதல் படி. நம் பிள்ளைக்கு மட்டும் அதையே கடைசிப் படியாகவும் ஆக்கிவிடுவதைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். மலமும் இரத்தமும் கையில் படும் வேலை 'அவர்களுக்கு'ப் பழகியதுதானே என்ற நினைப்பு ஊரைத் தாண்டி வார்டுக்குள்ளும் வந்துவிட்டது. துப்புரவுப் பணியிலும் ஆயா வேலையிலும் நம் பெண்கள் நிறைந்திருக்க, ஊசி டிரேயும் கேஸ் ஷீட்டும் வேறு கைகளில் இருப்பதை எந்தப் பெரிய மருத்துவமனையிலும் நின்று பார்க்கலாம்.

சம்பளத்திலும் இந்தக் கோடு தெரியும். உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது எங்கெங்கே நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் பேசுவதற்காவது ஒரு கணக்கு இருக்கிறது. உதவியாளருக்கு அந்தப் பரிந்துரையில் ஒரு வரியும் இல்லை.

திறமை இல்லை என்று மதுரையில் யாரும் சொல்ல முடியாது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் 2 முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்றுவித்து, அவர்கள் உழைப்பின் மேல்தான் உலகறிய வளர்ந்தது. வாய்ப்பும் முறையான பயிற்சியும் கொடுத்தால் கிராமத்துப் பெண் எதுவரை போவாள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே, ஏற்கெனவே உதவியாளராகச் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு முதலில் சொல்கிறோம்: பஸ் போய்விடவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஏ.என்.எம்., ஜி.என்.எம். சேர 35 வயது வரை இடம் உண்டு. பிளஸ் 2-வில் கலைப் பிரிவு படித்த பெண்ணும் ஏ.என்.எம். சேரலாம். ஏ.என்.எம். பதிவு பெற்றவர் ஜி.என்.எம். சேரத் தகுதி பெறுகிறார். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்சி. பட்டதாரி. அதற்கு மேல் எம்.எஸ்சி., ஆசிரியப் பணி என்று போகலாம். நீண்ட பாதைதான், ஆனால் வார்டில் இரவுப் பணி பார்த்துப் பழகிய பிள்ளை மற்றவர்களைவிடக் கெட்டியாக நிற்கும். பத்தாம் வகுப்பு முடிக்கும் தங்கைகள் கவனிக்க வேண்டியது ஒன்று: நேரே பி.எஸ்சி. நர்சிங் போக இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிளஸ் 1-இல் எந்தப் பிரிவு என்று ஆசிரியர் கேட்கும் அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதிப் பாதை முடிவாகிவிடுகிறது.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1944-இல் தொடங்கியதுதான் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் அங்கீகாரம் பெற்ற செவிலியப் படிப்புக்கும் அது பொருந்தும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு இடங்களில் ஆதிதிராவிடருக்கு 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடும், பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் இவை எதுவும் கைக்கு வராது. கல்வி நிலையத்தின் பெயரைக் கவுன்சில் பட்டியலில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பட்டியலில் இல்லை என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "வந்துவிடும், அப்ளை பண்ணியிருக்கோம்" என்பார்கள். வந்த பிறகு சேரலாம்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. இங்கிலாந்தில் உதவியாளருக்கும் செவிலியருக்கும் நடுவே 'நர்சிங் அசோசியேட்' என்றொரு படியை உருவாக்கி, 2019 முதல் அவர்களையும் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். வேலையில் இருந்தபடியே படிக்கலாம், பிறகு செவிலியர் பட்டப்படிப்பில் காலமும் குறையும். இங்கே ஐந்தாண்டு வார்டில் நின்றவளும் முதல் நாள் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். 2023-இல் புதிய தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கும் இந்த நேரத்தில், அனுபவத்துக்கு மதிப்பெண்ணும், பணியில் உள்ள உதவியாளருக்கு அரசு செவிலியப் பள்ளிகளில் தனி இடங்களும் வேண்டும். தாட்கோவும் உதவியாளர் பயிற்சியோடு கணக்கை முடித்துக்கொள்ளாமல், ஏ.என்.எம்., ஜி.என்.எம். சேரும் வரை பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அரசின் கணக்கு. அந்த வேலைக்கு ஏ.என்.எம். பதிவு வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும் அவர் எல்லாத் தெருவுக்கும் போவார், எல்லா வீட்டுத் திண்ணையும் தாண்டி உள்ளே போவார். கீழக்குயில்குடியைச் சுற்றிய ஊர்களில் அந்தப் பையைத் தோளில் மாட்டியவர்களில் எத்தனை பேர் நம் தெருவிலிருந்து போனவர்கள்? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேட்டுப் பாருங்கள்.