தோற்றுப்போன திருத்தங்கள்

 

சேக்காட்டில் வாழும் நமக்கு ஆவடி அயலூரன்று. ஆவடி என்றதும் அரசியல் வரலாறு படித்தோர்க்கு 1955 ஜனவரியில் அங்கு கூடிய காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று அம்மாநாடு நிறைவேற்றிய தீர்மானத்தைப் பாடப் புத்தகங்கள் இன்றும் சொல்லுகின்றன. ஆளுங்கட்சியின் தீர்மானத்துக்கு அப்படியோர் ஆயுள் உண்டு. எதிர்க்கட்சியினர் எழுந்து முன்மொழிந்து, வாக்கெடுப்பில் தோற்றுப்போன திருத்தங்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் அன்னாரின் பிறந்த நாளில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவர்தம் எளிமையையும் நேர்மையையும் சொற்பொழிவாளர்கள் உருக்கமாகச் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்; தவறில்லை. ஆனால், அவர் சட்ட அவைகளில் என்ன பேசினார், எதைக் கேட்டார், என்ன பதில் பெற்றார் என்று கேட்டால் மேடையில் இருப்போரில் பலர் விழிப்பர். எதிர்க்கட்சி வரிசையில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் பணியைப் பேசும்போது, அவர் பேசியதையே விட்டுவிட்டுப் பேசுவது என்ன முறை?

திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்தவர் அவர். 1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். நாடு பிரிந்தபின், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதன் தலைமையை ஏற்றார். பிரிவினையின் பழி முழுவதையும் இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம்களின் தலையில் சுமத்திய காலம் அது. அக்காலத்தில், அந்தப் பெயர்கொண்ட கட்சியின் தலைவராக, டில்லியில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று பேசுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1948 நவம்பர் 23ஆம் நாள். நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்னும் 35ஆம் வரைவுப் பிரிவு (இன்றைய 44ஆம் பிரிவு) விவாதத்துக்கு வந்தது. முதலில் எழுந்தவர் இஸ்மாயில் சாஹிப். தமக்கென ஒரு தனியார் சட்டத்தை உடைய எந்தச் சமூகத்தாரும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் விதிவிலக்கை அப்பிரிவோடு சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். அத்திருத்தத்தின் சொல்லமைப்பைக் கவனியுங்கள். அதில் முஸ்லிம் என்ற சொல்லே கிடையாது. எந்தக் குழுவாயினும், எந்தப் பிரிவாயினும், எந்தச் சமூகமாயினும் என்றுதான் கேட்டார்.

அவருடைய வாதம் நேரானது. நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகியவை தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்ளப்பட்டு வரும் வாழ்க்கை முறையின் பகுதி. மதச்சார்பற்ற அரசு அதில் தலையிடலாகாது. ஒருமைப்பாட்டுக்காகச் சட்டத்தை ஒன்றாக்குவதாகச் சொல்லுகிறீர்கள். கட்டாயப்படுத்தினால் விளைவது மனக்கசப்பே, விட்டுவிட்டால் கசப்புக்கு இடமேயில்லை என்றார். வெறும் உணர்ச்சியோடு நிற்கவில்லை, முன்மாதிரியும் காட்டினார். முதல் உலகப் போருக்குப்பின் அமைந்த செர்பிய, குரோவாசிய, சுலோவீனிய அரசு (பின்னாளைய யூகோஸ்லாவியா), முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் அவர்தம் வழக்கப்படியே அமையும் என்று உடன்படிக்கையில் உறுதியளித்திருந்ததை எடுத்துரைத்தார்.

மலபாரைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக் சாஹிப் ஆகியோரும் இதே கருத்தைத் தொடர்ந்தார்கள். இப்படித் தலையிடுவது கொடுமை என்று இந்து அமைப்புகளும் தமக்கு எழுதியிருப்பதாகப் போக்கர் சாஹிப் சுட்டிக்காட்டியது பலர் அறியாத செய்தி.

எதிர்வாதமும் எளியதன்று. கே.எம். முன்ஷி, முன்னேறிய முஸ்லிம் நாடுகளில்கூடச் சிறுபான்மையினரின் தனியார் சட்டம் தொடக்கூடாததாகக் கருதப்படவில்லை என்றார். நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், ஆங்கிலேயர் ஒரே குற்றவியல் சட்டம் கொண்டுவந்தபோது ஏன் மறுக்கவில்லை என்று கேட்டார். டாக்டர் அம்பேத்கரோ, எல்லைப்புற மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை ஷரீஅத் சட்டத்துக்கு உட்பட்டிருக்கவில்லை என்றும், வடமலபாரில் மருமக்கத்தாயச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்றும் நினைவூட்டினார். இவற்றுள் வரலாற்று உண்மைகள் இருக்கின்றன. இல்லையென்று சாதிப்பதால் நமக்குப் பயனில்லை.

திருத்தம் தோற்றது. ஆயினும், அம்பேத்கர் தம் பதிலின் முடிவில் ஓர் உறுதியைத் தந்தார். 35ஆம் பிரிவு, சட்டம் இயற்றப்பட்டதும் அதை எல்லார்மீதும் திணிக்கச் சொல்லவில்லை. இதற்குக் கட்டுப்பட விரும்புகிறோம் என்று தாமாக அறிவிப்போர்க்கு மட்டுமே பொருந்துமாறு வருங்கால நாடாளுமன்றம் அதைத் தொடங்கலாம் என்றார். அந்தச் சொற்கள் அவைக்குறிப்பில் இருப்பதற்குக் காரணம் யார்? எதிர்த்து எழுந்தவர்களே. அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கு வேலையே இருந்திராது. 75 ஆண்டுகள் கடந்தும் பொது சிவில் சட்டம் பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் அவ்விளக்கம் மேற்கோளாகிறது.

இங்கே அயர்லாந்தைப் பற்றி ஒரு சொல். நம் அரசமைப்பின் வழிகாட்டு நெறிகள் என்னும் பகுதி, அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பைப் பார்த்து அமைக்கப்பட்டது. 44ஆம் பிரிவு இடம்பெற்றிருப்பது அப்பகுதியில்தான். கத்தோலிக்கர் பெரும்பான்மையினரான அந்நாட்டிலும் இதே வழக்கு நடந்தது. 1925 ஜூனில், விவாகரத்தைத் தடுக்கும் முயற்சியை எதிர்த்து, நோபல் பரிசு பெற்ற கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ் அந்நாட்டு மேலவையில் பேசினார். பெரும்பான்மையினரின் மதக் கோட்பாட்டைச் சிறுபான்மைப் புரோட்டஸ்டண்டு மக்கள்மீது சட்டமாகச் சுமத்தாதீர்கள் என்பதே அவரது முறையீடு. அதுவும் எடுபடவில்லை, 1937 அரசமைப்பு விவாகரத்தை அறவே தடை செய்தது. அத்தடை நீங்கியது 1995 நவம்பரில், பொது வாக்கெடுப்பில், மயிரிழை வித்தியாசத்தில். யேட்ஸ் கேட்டது வேறு, இஸ்மாயில் சாஹிப் கேட்டது வேறு. ஆனால் இருவர் வாதத்துக்கும் அடித்தளம் ஒன்றே.

அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் அவர்கள் தோற்றது இது ஒன்றில் மட்டுமன்று. 1949 மே மாதம், சிறுபான்மையினர்க்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடும் முடிவை எதிர்த்து வாதாடினார். சர்தார் பட்டேல் கடுமையாகவே பதிலளித்தார். அச்சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினரான பேகம் ஐஸாஸ் ரசூல் அவர்களும் ஒதுக்கீடு வேண்டாம் என்றே பேசினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, இந்நாட்டின் தொன்மையான மொழி எது என்ற கேள்விக்குத் தமிழை முன்னிறுத்திப் பேசி, அது தம் தாய்மொழி என்பதில் பெருமிதமும் தெரிவித்தார். தமிழ்நாட்டு முஸ்லிமின் மொழிப்பற்றை ஐயுறுவோர்க்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

பின்னர் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962 தொடங்கி 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறையும் வரை மஞ்சேரித் தொகுதியின் உறுப்பினராக மக்களவையிலும் இருந்தார்.

சிறுகட்சி உறுப்பினரின் குரல் சில வேளை அரசையே நகர்த்தும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1985இல் ஷாபானு வழக்கின் தீர்ப்பு வந்தபின், பொன்னானித் தொகுதி உறுப்பினர் ஜி.எம். பனாத்வாலா தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் முன்வைத்து வாதாடினார். அமைச்சர் ஆரிப் முஹம்மது கான் முதலில் அதை எதிர்த்தே பேசினார். ஆனால் 1986இல் அரசு தானே முஸ்லிம் பெண்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் சகோதரிகள் தொடர்ச்சியையும் அறிந்திருத்தல் நலம். 2001இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டு, முன்னாள் மனைவியின் எதிர்கால வாழ்வுக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் இத்தாக் காலத்துக்குள்ளேயே செய்தாக வேண்டும் என்று பொருள் கூறியது. 2024 ஜூலையில், பொதுச் சட்டத்தின் வழியாகவும் முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கோரலாம் என்று தீர்ப்பளித்தது.

இனி, 1948இல் கேட்டு மறுக்கப்பட்ட அந்த விதிவிலக்குக்கு வருவோம். அது உண்மையிலேயே தர இயலாத ஒன்றா? இஸ்மாயில் சாஹிப் மக்களவைக்கு வந்த 1962ஆம் ஆண்டிலேயே, அரசமைப்பின் 13ஆவது திருத்தம் நாகாலாந்து மக்களுக்கு ஏறத்தாழ அதையே அளித்தது. நாகர்களின் சமய, சமூக வழக்கங்களையும் மரபுச் சட்டத்தையும் பொறுத்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும், அம்மாநிலச் சட்டமன்றம் ஏற்றாலன்றி அங்குச் செல்லாது. பின்னர் மிஜோரமும் அதே பாதுகாப்பைப் பெற்றது. 2025 ஜனவரி 27ஆம் நாள் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டமும் பழங்குடியினரை விலக்கியே வைத்திருக்கிறது. அவர்கள் பெற்றதில் நமக்குப் பொறாமையில்லை. மற்றவர்க்கு மட்டும் அது ஏன் கேட்கத் தகாததாயிற்று என்பதே கேள்வி. இவ்வகைச் சட்டம் இந்தக் கட்டத்தில் தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்று 21ஆவது சட்ட ஆணையம் 2018இல் கூறியதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதிகளாக அச்சாகியுள்ளன. நவம்பர் 23ஆம் நாளின் விவாதம் ஏழாம் தொகுதியில் இருக்கிறது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். கல்லூரியில் பயிலும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால், இஷாவுக்குப்பின் ஒரு நாள் அப்பக்கங்களை வாசிக்கச் சொல்லி, வீட்டார் அனைவரும் அமர்ந்து கேளுங்கள். முன்ஷியின் பேச்சையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.