துப்பாக்கி இல்லாத வேன் ஏன் நின்றது?

வாஷிங்டன் தெருக்களில் தேசியக் காவல் படையை இறக்கியதற்கு டிரம்ப் அரசு சொன்ன காரணம், கட்டுக்கடங்காத குற்றம். 2025 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் அதை அறிவித்தார். நகரக் காவல்துறையையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். ஆனால், அதே ஆண்டு ஜனவரியில் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. 2024இல் அந்த நகரில் வன்முறைக் குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட 35% குறைந்து, 30 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தன. அந்தக் கணக்கே தவறு என்கிறார்கள் அதிபரின் ஆதரவாளர்கள். படையை அனுப்பியதை நியாயப்படுத்தும் வாதமாகவே எனக்கு அது படுகிறது. 

குற்றத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் கையை ஏன் ஒடித்தார்கள்? ஏப்ரலில்தான் நீதித் துறை 80 கோடி டாலருக்கும் அதிகமான மானியங்களை ஒரே வீச்சில் ரத்துசெய்தது. பழிவாங்கக் கிளம்பும் இளைஞனை, அதே தெருவில் வளர்ந்தவர்களே போய்ப் பேசித் தடுக்கும் அமைப்புகளும் அதில் அடிபட்டன. இந்த வழியையும் கையாண்ட பால்டிமோரில் 2022இல் 330ஐத் தாண்டிய கொலைகள், 2024இல் 201 ஆகக் குறைந்திருந்தன.

இவ்வளவு அப்பட்டமான முரணை ஒரு நாடு எப்படிச் சகித்துக்கொள்கிறது? கறுப்பினத்தவர் என்றால் குற்றம், குற்றம் என்றால் போலீஸ் என்று அந்நாட்டின் கண்ணை ஊடகங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள 1989க்குப் போக வேண்டும். அந்த ஓராண்டை அறிந்தால் இன்றைய அமெரிக்காவின் பாதி விளங்கிவிடும்.

1989 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘காப்ஸ்’ தொடங்கியது. ரோந்து காரில் ஏறிக்கொண்டு போலீஸாரோடு ஓடும் கேமரா. ஒளிபரப்புக்கு முன் காட்சிகளைப் பார்க்கும் வாய்ப்பு காவல்துறைக்கு. பார்வையாளர் எப்போதும் போலீஸ்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். விலங்கு மாட்டப்பட்டவர் அரைமணி நேரத்துக்குள் வந்து போனார். அவருக்கு வீடோ, வேலையோ, பின்கதையோ இருந்ததில்லை. ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸாரால் கொல்லப்பட்ட 2020இல் நிறுத்தப்பட்ட அந்த நிகழ்ச்சி, மறு ஆண்டே வேறு தளத்தில் திரும்பி வந்தது.

ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்கள் குற்றம்சாட்டப்பட்டனர். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் வம்சாவளியினர். நாளிதழ்கள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்று எழுதின. விசாரணை தொடங்கும் முன்பே, மே 1 அன்று, ஒரு கட்டிடத் தொழிலதிபர் நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்: மரண தண்டனை திரும்ப வேண்டும், போலீஸ் திரும்ப வேண்டும். அவர் பெயர் டொனால்டு டிரம்ப். வேறொருவர்தான் குற்றவாளி என்று தெரியவந்து, 2002இல் ஐவரின் தண்டனையும் ரத்தானது. 2014இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் கொடுத்து அவர்கள் தொடுத்த வழக்கை முடித்தது. விளம்பரம் கொடுத்தவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் ஒரு வெள்ளை வேன் ஓடத் தொடங்கியது. உள்ளே ஒரு மருத்துவ உதவியாளர், நெருக்கடியில் இருப்பவரிடம் பேசப் பழகிய ஒருவர். இருவரிடமும் துப்பாக்கி கிடையாது. மனம் பேதலித்துத் தெருவில் கத்துபவர், போதையில் விழுந்துகிடப்பவர், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர் என்று அழைப்பு வந்தால், 108 வருவதுபோல இவர்கள் வருவார்கள். ‘கஹூட்ஸ்’ என்று பெயர். 2019இல் சுமார் 24,000 அழைப்புகளுக்குப் போனார்கள். துணைக்கு போலீஸைக் கூப்பிட்டது ஏறத்தாழ 150 முறை. மீண்டும் படியுங்கள்: 24,000க்கு 150!

நகரின் மொத்த அழைப்புகளில் 17 சதவீதத்தை இவர்கள் கவனித்ததாகச் சொல்லப்பட்டது. அது மிகை, போலீஸின் சுமையை இவர்கள் குறைத்தது 5 முதல் 8 சதவீதம்தான் என்றது யூஜின் காவல்துறை. அப்படியே இருக்கட்டும். கஹூட்ஸின் ஆண்டுச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். யூஜின், ஸ்பிரிங்ஃபீல்டு காவல்துறைகளுக்குச் சேர்த்து 9 கோடி. இரண்டு சதவீதப் பணத்தில் ஐந்து சதவீத வேலை நடந்திருக்கிறது என்பதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஏப்ரலில் யூஜினில் அந்த வேன் நின்றது. நிதி நெருக்கடி என்றார்கள். சிறைகளுக்கு வராத நெருக்கடி, ரோந்து கார்களுக்கு வராத நெருக்கடி, இரண்டு பேர் போகும் ஒரு வேனுக்கு மட்டும் எப்படி வருகிறது? அந்த வேனுக்குள் எந்தக் கேமராவும் முப்பது ஆண்டுகள் உட்காரவில்லை. மக்கள் பார்க்காத ஒன்றை பட்ஜெட்டில் வெட்டுவது எளிது.

வெள்ளையர் நிறைந்த சிறு நகரத்துக்கு இதெல்லாம் சரி, பெருநகரத்துக்கு ஆகாது என்பவர்கள் டென்வரைப் பார்க்கட்டும். 2020இல் அங்கே தொடங்கிய, இதே போன்ற ‘ஸ்டார்’ திட்டத்தால், புகாரான சிறு குற்றங்கள் 34% குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வரலாறு வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க். 1960களில் அங்கே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது போலீஸ் வேன்தான். உள்ளே சிகிச்சை என்று எதுவும் கிடையாது. 1967இல் மருத்துவர் பீட்டர் சாஃபரின் பயிற்சியோடு ‘ஃபிரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் தொடங்கியது. அதில் ஏறியவர்கள், எந்த வேலைக்கும் ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள். அமெரிக்க ஆம்புலன்ஸ் சேவைக்கே அவர்கள் முன்மாதிரியானார்கள்; 1975இல் நகராட்சி அந்தச் சேவையை இழுத்து மூடியது. போலீஸிடமிருந்து ஒரு வேலையை எடுத்து, அதற்கென்று பயின்றவரிடம் கொடுப்பது அமெரிக்காவுக்குப் புதிதே அல்ல.

கொடுக்காததன் விலை சோனியா மாசி. இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில், யாரோ வீட்டைச் சுற்றுவதாகப் பயந்து 911ஐ அழைத்தவர் அவர். மகளுக்கு மனநிலை சரியில்லை, முரட்டுப் போலீஸ்காரரை அனுப்பாதீர்கள் என்று தாய் முந்தின நாளே அதே எண்ணில் கெஞ்சியிருந்தார். அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்த மாசியை, உதவிக்கு வந்த காவலரே சுட்டுக்கொன்றார். மனநல அழைப்புகளுக்குப் போலீஸ் அல்லாதவர்களை அனுப்ப வழிசெய்யும் சட்டம் அந்த மாநிலத்தில் 2021இலேயே நிறைவேறியிருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் கெடு தள்ளித் தள்ளிப் போடப்பட்டது.

இதில் பத்திரிகைகளின் பங்கை மூடிமறைக்க முடியாது. ஃபிளாய்டு இறந்ததும் மினியாபொலிஸ் காவல்துறை தந்த குறிப்பில் மருத்துவப் பிரச்சினை என்றுதான் இருந்தது. 17 வயதுப் பெண் ஒருவர் கைபேசியில் எடுத்த படம் இல்லையென்றால் அதுவே செய்தியாக நிலைத்திருக்கும். ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழ் 2020இல் தன் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, கறுப்பின மக்களை இழிவுபடுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டது. நல்லது. ஆனால், காவல்துறைக் குறிப்பை அப்படியே அச்சேற்றும் வழக்கத்தை விடாதவரை அந்த மன்னிப்புக்கு மதிப்பில்லை.

இப்போது நியூயார்க்கின் முறை. 110 கோடி டாலரில் சமூகப் பாதுகாப்புத் துறை அமைப்பேன், மனநல அழைப்புகளுக்குப் பயிற்சி பெற்றவர்களை அனுப்புவேன் என்றும் வாக்குறுதி தந்து ஜோரான் மம்தானி மேயர் தேர்தலில் வென்றார். சென்ட்ரல் பூங்கா வழக்கில் சிறைபோன ஐவரில் ஒருவரான யூசுஃப் சலாமையும் நகர மன்றத்துக்கு அனுப்பிய ஊர் அது. அங்குள்ள நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும், போலீஸ் பிரிவுக்கு நிருபர் வைத்திருப்பதுபோல இந்தத் துறைக்கும் முழுநேர நிருபர்களை நியமிக்க வேண்டும். ‘காப்ஸ்’ பெற்ற முப்பது ஆண்டுகளில் ஐந்தை இதற்குக் கொடுக்கட்டும். காவல்துறையின் பட்ஜெட்டைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அந்நகர மக்களே வாக்களிப்பார்கள்.