தொலைவிலுள்ள கணிப்பொறிக்குக் கட்டளையிடும் முறை

மலையுச்சியிலும் ஆற்றங்கரையிலும் ஆளின்றி இயங்கும் அளவை நிலையங்கள் இன்று நம் நாட்டில் பல உள. மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து அனுப்பும் சிறு கணிப்பொறிகள் அவற்றில் அமைந்துள்ளன. அவற்றின் அமைப்பை மாற்ற வேண்டுமாயின், அலுவலகத்திலிருந்தவாறே 'ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைத் தொகுப்பை அனுப்பி இயக்கலாம். ஆனால், இடையிலுள்ள இணைப்பு வேகம் குறைந்ததாகவும், அடிக்கடி அறுபடும் பழைய இணைப்பாகவும் இருப்பதுண்டு. இத்தகைய இடங்களில் நேரும் இடர்களுக்கு இணைப்பின் முதுமையைவிட, கட்டளையிடுவோரின் பழக்கமே பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

எதிரிலுள்ள கணிப்பொறியில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி, விடை கண்டு, அடுத்ததைத் தட்டுகிறோம். இதே பழக்கத்தைத் தொலைவிலும் கையாளுவது தவறு. பத்துக் கட்டளைகளுள் ஆறாவதில் இணைப்பு அறுந்தால், பழைய அமைப்பும் அழிந்து, புதியதும் நிறைவுறாது நிற்கும். மேலும், யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில், இணைப்பு அறுந்தவுடன் 'ஹேங் அப்' என்னும் குறிப்பு எழுந்து, அவ்விணைப்பின் வழியே தொடங்கிய வேலையைப் பொதுவாக நிறுத்திவிடும். தொலைபேசியைக் கீழே வைப்பதைக் குறிக்கும் சொல் இது; தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறியை அணுகிய காலத்தின் எச்சம்.

ஆதலின், தொகுப்பு முழுவதையும் முதலில் அங்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு அது பழுதின்றிச் சேர்ந்ததா என்று அறிந்த பின்னரே இயக்க வேண்டும். 'நோஹப்' என்னும் கட்டளையுடன் தொடங்கினால், இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். நடந்தவற்றை அக்கணிப்பொறியே ஒரு கோப்பில் குறித்து வைக்குமாறு செய்தால், பின்னர்ப் படித்தறியலாம். இருமுறை இயக்கினும் தீங்கு நேராதவாறு கட்டளைகளை எழுதுவதும் இன்றியமையாதது. 'இருப்பில் 10 கூட்டுக' என்பதை இருமுறை இயக்கினால் கணக்குப் பிழைபடும். 'இருப்பை 110 ஆக்குக' என்பதை எத்தனை முறை இயக்கினும் விளைவு ஒன்றே.

இவற்றினும் முக்கியமானது, மீளும் வழி. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-2 விண்கலத்திற்கு 2023 ஜூலை 21 அன்று அனுப்பிய கட்டளைகளால், அதன் அலைவாங்கி பூமியை விட்டு 2 பாகை விலகிற்று, தொடர்பும் அற்றது. கட்டளை அங்குச் செல்லவே அப்போது ஏறத்தாழ 18½ மணி நேரம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகிலுள்ள நிலையத்திலிருந்து வலிமை மிக்க அலைகளில் அனுப்பிய கட்டளையால் ஆகஸ்டு 4 அன்று தொடர்பு மீண்டது. அம்முயற்சி தோற்றிருப்பினும், அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே தன் திசையைச் சரிசெய்துகொள்ளுமாறு முன்னரே ஏற்பாடு இருந்தது. நம் நிலையங்களுக்கும் இந்நெறி பொருந்தும். 'பத்து நிமிடங்களுக்குள் தலைமையிடத்திலிருந்து ஒப்புதல் வாராவிடில், பழைய அமைப்புக்குத் திரும்புக' என்னும் கட்டளையை முதலில் இட்டுவிட்டே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

இனிப் பாதுகாப்பைக் கருதுவோம். 'டெல்நெட்' முறையில் கடவுச்சொல் உள்ளிட்ட யாவும் மறைப்பின்றியே செல்கின்றன. 'ஆர்.எஸ்.எச்.' முறையோ, நம்பிக்கைக்குரியதெனக் குறிக்கப்பட்ட கணிப்பொறியிலிருந்து வந்த கட்டளையைக் கடவுச்சொல் கேளாமலே ஏற்றுவிடும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, இந்நம்பிக்கையையும் தனக்கொரு வழியாகக் கொண்டது. பின்லாந்தில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டபின், அங்கிருந்த டாட்டு உலோனென் 1995-இல் 'எஸ்.எஸ்.எச்.' முறையை வகுத்தார். இதில் செய்தி யாவும் மறைகுறியாகச் செல்லும்.

"எங்கள் கருவி மிகப் பழையது; டெல்நெட் அன்றி வேறொன்றையும் அறியாது" என்று கூறுவோர் உளர். அக்கருவியின் அருகிலேயே ஒரு சிறு கணிப்பொறியை வைத்து, தொலைவிலிருந்து அதுவரை எஸ்.எஸ்.எச். வழியாகவும், அதன்பின் ஒரு முழக் கம்பியில் பழைய முறையிலும் கட்டளையை அனுப்பலாம். "எங்கள் வலையமைப்பு வெளியுலகுடன் தொடர்பற்றது" என்பாரும் உளர். எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தம் மடிக்கணினியை இணைத்தாலே அத்தனிமை கலைந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதியில் நின்ற ஒரு தொகுப்பினால் நிலையம் ஊமையாகிவிட்டால், களப்பணியாளர் ஒருவர் மலையேறிச் சென்றே அதனை எழுப்ப வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் அப்பயணம் எளிதன்று. அதற்குள் பெய்த மழையின் கணக்கோ மீண்டும் கிட்டாது. வெள்ள எச்சரிக்கைக்கு வேண்டிய அளவும் உரிய நேரத்தில் வந்து சேராது. எனவே, மீளும் வழி குறிக்கப்படாத எந்தத் தொகுப்பையும் தொலைநிலையத்தில் இயக்கலாகாது என்பதை அலுவலகங்கள் விதியாகவே கொள்ளல் நன்று. அத்தகைய தொகுப்பு வந்தால், "இது தவறினால் திரும்பும் வழி யாது?" என்று கேட்கும் உரிமை களப்பணியாளருக்கு இருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு கணிப்பொறிகளையும் ஒரு கம்பியையும் கொண்டு, மாணவர் ஒருவரைத் தொகுப்பை இயக்கச் சொல்லி, நடுவே கம்பியை உருவிவிடுக. மறுமுனையில் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை அவர்களே கண்டு எழுதட்டும். பின்னர், அதே தொகுப்பை இடையூறு தாங்குமாறு திருத்தி எழுதச் செய்க.