முத்துக்குறியை நாடகம் என்று சொன்னால் என்ன?

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 970ஐ ஒட்டி இங்கிலாந்தின் வின்செஸ்டரில் துறவிகளுக்கு ஒரு விதிநூல் எழுதினார்கள். ஈஸ்டர் விடியல் பூசையில் ஒரு துறவி தேவதூதனாகக் கல்லறையருகே உட்கார வேண்டும். மூன்று துறவிகள் பெண்களாக, எதையோ தேடுகிறவர்கள் மாதிரி வர வேண்டும். யாரைத் தேடுகிறீர்கள்? இயேசுவை. அவர் இங்கே இல்லை, எழுந்துவிட்டார். இந்த நாலு வரியில்தான் ஐரோப்பிய நாடகம் மறுபடி பிறந்தது என்று திருச்சியில் பரீட்சை எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கிறேன்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே மார்கழி அத்யயன உற்சவத்தில் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக அரையர் நிற்கிறார். பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயிக்கிறார், பிறகு வியாக்யானம் சொல்கிறார். முத்துக்குறி என்றால், திருநெடுந்தாண்டகத்துப் பாசுரம் ஒன்று. காதலில் உருகும் மகள், தவிக்கும் தாய், முத்தைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி, மூன்று பேரும் அவர் ஒருத்தரே. வேஷம் மாற்றுவதில்லை. மகள் கேட்பது, திருவரங்கம் எங்கே என்று. அரங்கத்துக்குள் நின்றுகொண்டே! (ஆற்றிடைத் தீவுக்கும் நாடக மேடைக்கும் தமிழில் ஒரே சொல் என்பதை நான் ஏற்பாடு செய்யவில்லை.)

இதை நாடகம் என்று சொல்லிப் பாருங்கள். கோயில் பக்கம், "டிராமா இல்ல சார், சேவை" என்பார்கள். நாடகக்காரர்களிடம் போனால், "அது சடங்குங்க" என்று தெருக்கூத்துக்கும் சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் தாவிவிடுவார்கள். வின்செஸ்டர் துறவிகளும் பூசைதான் செய்தார்கள், நாடகம் போடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த முதல் அத்தியாயம் அரையருக்கு ஏன் இல்லை?

இந்த இரண்டு பதிலும் ஒரே வசதிக்காகத்தான். சேவை என்றால் அது பாத்தியதை. யார் கற்கலாம் என்ற கேள்வியே எழாது. சடங்கு என்றால் நாடகப் பள்ளிக்கு அதில் வேலை இல்லை. நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக மரபு சொல்கிறது. இன்றும் அது அரையர் குடும்பங்களின் ஆண்களிடம்தான். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, அவ்வளவுதான் மிச்சம். தாய், மகள், குறத்தி என்று மூன்று பெண்கள் வரும் ஆட்டத்தை ஒரு பெண் கற்க முடியாது. பாடப்படும் ஆழ்வார்களில் திருப்பாணர் உண்டு. உறையூர்க்காரர். அரங்கத்து மண்ணை மிதிக்கக் கூடாதென்று தென்கரையிலேயே நின்று பாடினார் என்று குருபரம்பரைக் கதைகளே சொல்கின்றன.

பரம்பரை இல்லாவிட்டால் இது என்றோ போயிருக்கும் என்பார்கள். உண்மை, அந்தக் குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் யார்க் நகரத்தைப் பாருங்கள். அங்கே வேதாகம நாடகங்களைத் தொழிற்சங்கங்கள் பங்குபோட்டுக்கொண்டன. நோவாவின் பேழையைக் கப்பல் தச்சர்கள் கட்டினார்கள். கடைசி விருந்து ரொட்டி சுடுகிறவர்களுடையது. 1569இல் அது நின்றுபோனது தச்சர்கள் கைபட்டதால் இல்லை, மதமும் அரசும் மாறியதால். 1951இல் ஊர்க்காரர்களே மறுபடி எடுத்து ஆடினார்கள், பிரதி கையில் இருந்ததால்.

சபா மேடைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. பெருமாள் முன்னால் ஆடும் உரிமை அவர்களிடமே இருக்கட்டும். தாளமும் அபிநயமும் வியாக்யானமும் மட்டும், கேட்டு வருகிற யாருக்கும், ஆணோ பெண்ணோ, சொல்லித்தரப்படட்டும். இதைச் சொன்னால், "அதெல்லாம் பெருமாள் பாத்துப்பார்" என்கிறார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு வீட்டுப் பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால்?